பத்து ரூபா கேட்ட வழி

எங்கள் அலுவலகம் இந்த உலகத்தில் இரண்டுக்குத்தான் பயப்படும். ஒன்று புயல். இன்னொன்று பத்து ரூபா. புயலாவது நாலு நாள் முன்னாடியே டி.வி.யில் சொல்லிவிட்டு வரும். பத்து ரூபா காலை பதினொரு மணிக்கு, துண்டில் சுற்றிய டைம்பீஸோடு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். பெரிய பெரிய ஆட்கள் வந்தபோதெல்லாம் நாற்காலியை விட்டு அசையாத எங்கள் சார், வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் போதும், எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

பத்து ரூபா என்பது அவர் பெயரில்லை. அரசாங்கம் எதற்கு எவ்வளவு செலவு செய்தது என்று தகவல் கேட்டு மனு போட வேண்டுமானால், பத்து ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வாங்கி ஒட்ட வேண்டும். ஊரில் மற்றவர்கள் பத்து ரூபாய்க்கு டீயோ பீடியோ வாங்கினால், இவர் ஸ்டாம்பு வாங்குவார். அப்படி வந்த பெயர். நிஜப் பெயர் ஒவ்வொரு மனுவின் அடியிலும் இருக்கும், எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். மூன்றாம் நபர் பற்றிய தகவலைத் தர இயலாது என்று நானே எத்தனை பேருக்கு டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்தத் துறை என்று எழுதினால் அடுத்த மாதம் சம்பளம் வராது. பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். தகவல் மனுக்களுக்குப் பதில் தயார் பண்ணுவது என் வேலை. கையெழுத்து சாருடையது, திட்டு என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் பத்து ரூபாவைக் கொண்டுவந்து விட்டது யார் செய்த பாவம் என்று தெரியவில்லை.

அவருக்கு உப்பளத்தில் மோட்டார் போடுகிற வேலை. மோட்டாரைப் போட்டால் பாத்தி நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் திரும்பிப் போய் நிறுத்தாவிட்டால் வரப்பு உடைந்துவிடும். அதற்குத்தான் டைம்பீஸ். அந்த நேரத்தில் மற்ற மோட்டார்காரர்கள் நிழல் பார்த்துப் படுப்பார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தைப் பார்க்க வந்துவிடுவார்.

முதன்முதலாக அவர் கேட்டது எங்கள் வாசலில் நிற்கிற வேப்ப மரத்தைப் பற்றி. அது எந்தத் திட்டத்தில் நடப்பட்டது, என்ன செலவு என்று கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தானாக முளைத்தது" என்று ஒரு வரியில் பதில் அனுப்பினேன். பத்தே நாளில் மேல்முறையீடு வந்தது. தானாக முளைத்ததற்கான ஆவணத்தின் நகலைத் தரவும் என்று கேட்டிருந்தார். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, தேடுவோம் என்று பழைய ஃபைல்களைப் புரட்டினால், அந்த ஒரே மரத்தை எங்கள் அலுவலகம் மூன்று வெவ்வேறு வருடங்களில், மூன்று வெவ்வேறு திட்டங்களில் நட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிய செலவு தனி. நகல் எடுத்துக் கொடுத்தோம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்து, "மூணு தபா நட்டும் ஒரே மரமா நிக்குதே, நல்ல சாதி மரம்" என்றார். கிண்டல் பண்ணுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு நேரில் வந்து ஃபைல் பார்க்க ஆரம்பித்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் காசு. இவர் படித்தது ஐந்தாவது வரைக்கும். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, வாய்விட்டுப் படிப்பார். ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம் தாண்டுவது பெரிய விஷயம். மணி அடித்ததும் டைம்பீஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் புதுசாக ஒரு மனு, புதுசாக ஒரு ஸ்டாம்பு, புதுசாக ஒரு இலவச மணி நேரம். அந்த டைம்பீஸ் அடிக்கிற அடியில் எங்கள் சாருக்கு இரண்டு தடவை காபி சட்டையில் கொட்டியது.

பாவம், வெயிலில் வருகிறாரே என்று ஒருநாள் டீ வாங்கித் தரச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "டீ வேணாம் மேடம். குடிச்சிட்டேன்னா அப்புறம் இந்த டீ எந்தக் கணக்குல வருதுன்னு நானே மனு போட வேண்டியிருக்கும்" என்றார். அன்றைக்கு அந்த டீயை நான் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அது எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்கும் தெரியாது.

நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய சந்தேகப் பேர்வழி என்று நினைத்திருந்தோம். யாரோ பின்னாலிருந்து தூண்டிவிடுகிறார்கள் என்று சார் அடித்துச் சொல்வார். அது எவ்வளவு தப்பு என்று அந்தக் கொட்டகை விவகாரத்தில்தான் தெரிந்தது.

உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்காக அரசாங்கம் ஒரு ஓய்வுக் கொட்டகை கட்டப் பணம் ஒதுக்கியிருந்தது. நிழல், குடிதண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. பத்து ரூபாவின் மனைவி அஞ்சலை அக்காவும் அங்கேதான் உப்பு வாருகிறார். உப்பளம் எப்படி இருக்கும் தெரியுமில்லையா, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி மறைவு கிடையாது. அதனால் அந்தப் பெண்கள் காலையில் வேலைக்கு இறங்கினால் வீட்டுக்குப் போகிறவரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடித்தால்தானே போக வேண்டிவரும். அப்படிக் குடிக்காமல் இருந்து இருந்து, அஞ்சலை அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, இரண்டு தடவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் மூன்றாவது தடவையும் வர வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பத்து ரூபாவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். கொட்டகை என்ன ஆயிற்று என்று மனு போட்டார்.

ஃபைலை எடுத்தேன். சார் இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ முடித்து வைத்திருந்த ஃபைல். கடைசிப் பக்கத்தில் பணி முடிவுற்றது என்று இருந்தது. நானும் "பணி முடிவுற்றது" என்று டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, சீல் வைத்து அனுப்பிவிட்டேன். உப்பளம் எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நாலு நாள் கழித்து வந்தார். உப்புக் காற்றில் காகிதம் நமுத்துவிடும் என்று, எங்கள் அலுவலகத்திலிருந்து போன ஒவ்வொரு பதிலையும் அவர் லேமினேஷன் போட்டு வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற பதில்கூட லேமினேஷனில் இருந்தது. கொட்டகைப் பதிலை மேசை மேல் வைத்தார்.

"மேடம், கட்டடம் முடிஞ்சிடிச்சின்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம். நானும் பொம்பளைங்களுமா ஒம்போது பேரு ரெண்டு நாளா தேடினோம். கிடைக்கல. நாங்க தப்பான எடத்துல தேடியிருப்போம். எப்படிப் போவணும்னு வழி சொல்லிட்டீங்கன்னா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. என்னை வைத்துக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் குழம்பிப்போய் நின்றார். அப்புறம் மெதுவாக நடந்ததைச் சொன்னார். பதில் வந்த அன்றைக்கே மனைவியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போயிருக்கிறார். போகிற வழியிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டார், கட்டடம்தான் இருக்கிறதே என்று. மேற்கே வாய்க்கால் வரை போயிருக்கிறார்கள், கிழக்கே ரோடு வரை போயிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. அஞ்சலை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, அதே சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். "உன் கவர்மென்ட்டும் நீயும்" என்று ஆரம்பித்த அந்த அம்மாவின் வசவை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் மற்ற பெண்கள் கொட்டகையெல்லாம் கிடையாது என்று சிரித்தபோது, இவர் லேமினேஷனைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறார். சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நீங்கள் சரியாகத் தேடவில்லை என்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆள் சந்தேகப் பேர்வழியே இல்லை. அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் அது இருக்கும் என்று நம்புகிற ஒரே மனுஷன். அந்த வேப்ப மரத்தை மூன்று தடவை நட்டதைக்கூட அவர் நம்பியிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நான் வாயால் வழி சொல்லாததால் அவர் மனுவாகவே போட்டார். "மேற்படி கட்டடத்துக்குப் போகும் வழியைத் தெரிவிக்கவும்." அடுத்த மனு, "மேற்படி கட்டடத்தின் சாவி யாரிடம் உள்ளது?" சார் தலையில் கை வைத்துக்கொண்டார். உப்பளப் பகுதியில் உள்ளது என்று எழுதும்மா என்றார். உப்பளத்தில் எந்தப் பக்கம் என்று அடுத்த மனு வரும் சார் என்றேன். வந்தது.

கொட்டகை கட்டியதாகச் சொல்லப்பட்ட கான்ட்ராக்டருக்கு இது காதில் விழுந்துவிட்டது. ஒரு புது சைக்கிளை ஆள் மூலமாகப் பத்து ரூபாவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாளே பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டிய மனு எங்களுக்கு வந்தது. "எனக்கு வந்துள்ள சைக்கிள் எந்தத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது? உப்பளத்தில் மோட்டார் போடும் அனைவருக்கும் உண்டா?" சார் போன் போட்டுக் கான்ட்ராக்டரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சாயங்காலத்துக்குள் சைக்கிள் திரும்பிப் போய்விட்டது. பயனாளிப் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டார்களோ என்று பத்து ரூபாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடைசியில் கொட்டகை ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பங்குனி மாதம். டைம்பீஸை மேசையில் வைத்து, விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவர், மூன்றாவது நாள் ஃபைலின் போட்டோவுக்கு வந்து சேர்ந்தார். நல்ல கலர் போட்டோ. புதுக் கொட்டகை, வெள்ளை அடித்த சுவர். பின்னால் பாத்தியில் நாலு பெண்கள் உப்பு வாருகிறார்கள். கீழே கார்த்திகை மாதத்துத் தேதி. நானும் பார்த்த போட்டோதான், சாரும் பார்த்த போட்டோதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் நெல் விளைகிற ஊர்க்காரி.

அவர் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். டைம்பீஸ் அடித்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது அந்த ஒரே ஒரு நாள்தான்.

"மேடம், கார்த்திகையில எங்க பாத்தியெல்லாம் மழைத் தண்ணியில முழுகிக் கிடக்கும். வேணும்னா மீன் புடிக்கலாம். உப்பு வார முடியாதுங்க."

சார் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து நின்றார். பத்து ரூபா அவரையும் பார்த்துக் கேட்டார்.

"இது எந்த ஊருங்க சார்? மழைக்காலத்துலகூட உப்பு வெளையிற ஊருன்னா சொல்லுங்க. நாங்க குடும்பத்தோட அங்க போயிடறோம். இங்க அந்த மூணு மாசம் வேலை இல்லாம ரொம்ப கஷ்டமா இருக்குது."

போட்டோவுக்கு ஒரு நகல் கேட்டு, இரண்டு ரூபாய் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததற்கு ஐந்து ரூபாயும் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அன்றைக்கு அவர் பாத்தியில் வரப்பு உடைந்துபோய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று அப்புறம் தெரிந்தது.

போய்ப் பார்த்துவிட்டு வாம்மா என்று சார் என்னை அனுப்பினார். நல்ல சித்திரை வெயில். அலுவலகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், வழியில் ஒரு இளநீர், தெம்பாகப் போனேன். பத்து ரூபா வரப்பு வரப்பாக அழைத்துப் போனார். பக்கத்துப் பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொட்டகையின் அஸ்திவாரம்கூட இல்லை. இரண்டு மணி நேரம் ஆனது. குடித்த இளநீர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. சுற்றிப் பார்க்கிறேன், வெள்ளை வெளேரென்று உப்பு, அதற்கு மேல் வானம். ரோட்டுக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும்.

என் முகத்தைப் பார்த்தே அஞ்சலை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. புருஷனை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வரப்போரம் கூட்டிப்போனார். நாலு பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றுகொண்டார்கள். எழுந்து வந்தபோது என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அஞ்சலை அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"இதுல இன்னா இருக்குதும்மா. உங்களுக்கு நாங்க நாலு பேரு நின்னோம். வேலை நேரத்துல எங்களுக்கு யாரு வந்து நிக்கிறது? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல."

அலுவலகத்துக்குத் திரும்பி, முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "நேரில் ஆய்வு செய்ததில் மேற்படி இடத்தில் கட்டடம் ஏதும் இல்லை" என்று அடித்து சாரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது என் பென்ஷனில் மண்ணைப் போடப் பார்க்கிறாயே என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நீங்கள் அந்த ஃபைலை முடிக்கவில்லை சார், முடித்தவர் யாரோ, பொய் மட்டும் நம் இரண்டு பேர் பெயரில் லேமினேஷனில் இருக்கிறது என்றேன். கடைசியாக ஒன்று சொன்னேன். "நீங்க கையெழுத்து போடலைன்னா அவரு உங்க பென்ஷன் ஆர்டர் வர்ற வரைக்கும் தினமும் டைம்பீஸோட வருவாரு சார்." சார் பேனாவை எடுத்தார். நேர்மை பாதி, டைம்பீஸ் பாதி. எதனால் போட்டால் என்ன, போட்டார்.

அந்த ஒரு வரி மேலே போயிற்று. விசாரணைக்கு ஜீப் வந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று சார் தத்துவம் பேசினார். உப்பை வாருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள் சார் என்றேன். சாரின் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ட்ராக்டர் அவசர அவசரமாக ஆள் இறக்கி, ஆடி பிறப்பதற்குள் கொட்டகையைக் கட்டி முடித்தார். இந்தத் தடவை போட்டோ எடுக்க நானே போனேன். பின்னால் உப்பு வாருகிற பெண்களில் அஞ்சலை அக்காவும் இருக்கிறார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பத்து ரூபா அதன் பிறகு வரவில்லை. பதினொரு மணிக்கு நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்ப்போம். சார்கூட ஓய்வு பெறுகிற அன்றைக்குப் பார்த்தார். இடையில் ஆவணி மாதம் தபாலில் ஒரு மனு மட்டும் வந்தது. வழக்கம்போல ஸ்டாம்பு, வழக்கம்போலக் கோணல் கையெழுத்து.

"தகவல் எதுவும் கேக்கல. தகவல் குடுக்கறேன். கட்டடத்துக்கு வழி தெரிஞ்சிடிச்சி. குழாயில தண்ணி வருது. நேத்து என் பொண்டாட்டி வேலை நேரத்துல மூணு சொம்பு தண்ணி குடிச்சிது. இதைக் கணக்குல ஏத்திக்கவும்."

முப்பது நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். என் பெயரில் ஒரு மனுகூட நிலுவையில் இருந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் பதில் போடாமல் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பதில் வரவில்லையென்றால், என்றைக்காவது ஒரு நாள் பதினொரு மணிக்கு, டைம்பீஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேல்முறையீட்டுக்கு வராமலா போய்விடுவார்.